குடிமையியல் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நீங்கள் எழுதும் பாடங்களைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். அரசியல் கருத்தியல்கள் பற்றிய பாடத்தை முடித்த அன்று ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "இடதுசாரி, வலதுசாரி, இதில் எது சரின்னு எழுதினா மதிப்பெண் கிடைக்கும்?"

அவளைக் குறை சொல்ல மாட்டேன். பாடம் அப்படித்தான் இருக்கிறது. தாராளவாதம், பழமைவாதம், சோசலிசம் என்று ஓர் அட்டவணை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி. இந்தச் சொற்களுக்காக மனிதர்கள் ஏன் இவ்வளவு கடுமையாக மோதிக்கொண்டார்கள் என்பது மட்டும் அதில் எங்கும் இல்லை.

இடது, வலது என்ற பெயர்கள் வந்த கதையையே பாருங்கள். 1789-இல் பிரான்சின் தேசிய சபையில், பிரதிநிதிகள் இயற்றும் சட்டத்தை மன்னர் தடுக்கலாமா என்று விவாதம் நடந்தது. மன்னருக்கு அந்த அதிகாரம் வேண்டும் என்றவர்கள் அவைத் தலைவருக்கு வலப்பக்கம் திரண்டார்கள், எதிர்த்தவர்கள் இடப்பக்கம். ஒரு தரப்புக்கு, கடிவாளம் இல்லாத சபை நாட்டைக் குலைத்துவிடுமோ என்ற பயம். மறு தரப்புக்கு, ஒரே மனிதரின் கையெழுத்துக்காக மக்கள் காத்துக்கிடக்க வேண்டுமா என்ற கோபம். கடைசியில், சட்டத்தைத் தள்ளிப்போடும் அதிகாரம் மட்டும் மன்னருக்குக் கிடைத்தது. இதைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அட்டவணையைச் சொன்னால் உட்காருவதில்லை.

அரசு எதற்கு என்ற கேள்விக்கும் இதே கதிதான். ஒழுங்கு, சுதந்திரம், சமத்துவம், பொதுநலன் என்று வரிசையாகப் போட்டுவிடுகிறீர்கள், அவை ஒன்றோடொன்று ஒத்துப்போவதுபோல. ஆனால் ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும் இடங்கள்தான் அரசியல். அமெரிக்கா 1919-இல் அரசியலமைப்பைத் திருத்தி மது தயாரிப்பையும் விற்பனையையும் தடை செய்தது. 1933-இல் இன்னொரு திருத்தம் கொண்டுவந்து அதை நீக்கியது. குடும்பங்களைக் காக்கும் கடமை அரசுக்கு உண்டா, தன் வாழ்க்கையைத் தானே தீர்மானிக்கும் உரிமை பெரிதா? இரண்டு பக்கமும் நல்ல நோக்கம் கொண்டவர்கள் இருந்தார்கள்.

அப்புறம், எல்லோரையும் இடது முதல் வலது வரை வரிசையாக நிறுத்தும் அந்த ஒற்றைக் கோடு. வரியும் குறைய வேண்டும், தனிவாழ்வில் அரசு மூக்கை நுழைக்கவும் கூடாது என்பவரை அதில் எங்கே நிறுத்துவது? வருமான வேறுபாட்டை அரசு குறைக்க வேண்டும், ஒழுக்கத்தையும் காக்க வேண்டும் என்பவரை? அந்தக் கோட்டில் இவர்களுக்கு இடமே இல்லை. தாராளவாதி என்ற சொல்கூட ஐரோப்பாவில் பெரும்பாலும் சந்தைச் சுதந்திரத்தை ஆதரிப்பவரையும், அமெரிக்காவில் சமூக நலத்திட்டங்களை ஆதரிப்பவரையும் குறிக்கிறது. இதைச் சொல்லாமல் வரையறையை மனப்பாடம் செய்யச் சொல்வது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

பதினெட்டு வயதில் இவர்கள் வாக்களிக்கப் போகிறார்கள். எதிர்க்கருத்து உள்ளவர் முட்டாளோ கெட்டவரோ அல்ல, அவர் வேறொன்றை முதலில் வைக்கிறார் என்று அதற்குள் ஒருமுறையாவது உணர்ந்திருக்க வேண்டாமா?

அடுத்த பதிப்பில் அந்த அட்டவணையை எடுத்துவிட்டு 1789 விவாதத்தை இரு தரப்பு வாதங்களோடும் கொடுங்கள். தேர்வுக் கேள்வியையும் மாற்றுங்கள்: 'நீங்கள் ஏற்காத தரப்புக்காக, அவர்களே ஒப்புக்கொள்ளும்படி ஒரு பக்கம் வாதாடுக.' அந்த மாணவி கேட்ட மதிப்பெண்ணை இதற்குக் கொடுங்கள்.

அன்புடன்,
ஒரு குடிமையியல் ஆசிரியர்