தோற்ற இரவில் அந்தப் பெடியனை விட்டுவிடுங்கள்

யாழ்ப்பாணத்து விளையாட்டுக் கழகங்களின் ஆதரவாளர்களுக்கும், பாடசாலைகளின் பழைய மாணவர்களுக்கும், போட்டிகளைக் கைத்தொலைபேசியில் பிடித்துப் பரப்பும் தம்பிமாருக்கும்,

வணக்கம்.

அண்மையில் எங்கள் பக்கத்தில் நடந்த ஓர் உதைபந்தாட்ட இறுதிப் போட்டி சமநிலை தவிர்ப்பு உதை வரை போனது. 17 வயதுப் பெடியன் ஒருவன் அடித்த பந்து கம்பத்துக்கு மேலால் போக, கிண்ணம் மற்றக் கழகத்தின் கைக்குப் போனது. அவன் வீடு போய்ச் சேர முன்னமே அந்த உதையின் காணொளி பரவிவிட்டது. அவனுடைய பெயர், எந்தக் குறிச்சி, யாருடைய மகன் என்பதெல்லாம் கூடவே வந்தது. கீழே எழுதியவர்களில் பாதிப் பேர் பிள்ளை குட்டி உள்ளவர்கள். அவர்கள் எழுதிய சொற்களை இங்கே திருப்பி எழுத எனக்கு மனமில்லை. எந்தக் கழகம், எந்த மைதானம் என்றும் எழுத மாட்டேன், எழுதினால் அவனைத்தான் மறுபடியும் தேடுவார்கள். அந்தக் காணொளியை இன்னும் பக்கத்தில் வைத்திருப்பவர்கள் இதை வாசித்தால், இந்த வரியோடு நிறுத்திவிட்டு முதலில் அதை எடுத்துவிடுங்கள். பிறகு வந்து மிச்சத்தை வாசிக்கலாம்.

"இது வெறும் விளையாட்டுத்தானே, இதுக்குப் போய் ஏன் இப்படி?" என்று கேட்கும் ஆள் நானில்லை. உங்களைப் போலத்தான் நானும். தோற்ற இரவில் எனக்கும் சாப்பாடு இறங்காது. அந்தத் துக்கம் உண்மையானது என்று தெரிந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த ஊரில் ரசிகனாக இருப்பதே ஒரு தனி வரலாறு. 1996 மார்ச் 17 அன்று லாகூரில் அர்ஜுன ரணதுங்கவின் இலங்கை அணி கிரிக்கெட் உலகக் கிண்ணத்தை வென்றபோது, யாழ்ப்பாணத்தவரில் பெரும்பகுதியினர் யாழ்ப்பாணத்தில் இல்லை. முந்தைய ஒக்டோபரில் போரால் நடந்த இடப்பெயர்வோடு தென்மராட்சியிலும் வன்னியிலும் மரத்தடிகளில், கோயில் மண்டபங்களில், யாரோ ஒருவரின் தாழ்வாரத்தில் இருந்தோம். மின்சாரம் இல்லை. பற்றரி கிடைப்பது குதிரைக் கொம்பு. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவில் வானொலி பாடிய காலம். அரவிந்த டி சில்வா மூன்று இலக்குகளை எடுத்துவிட்டு, பிறகு ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்களும் அடித்தார். அதைக் கேட்டுக் கை தட்டியவர்களும் இருந்தார்கள். எங்களைத் துரத்திய நாட்டின் அணிக்கா கை தட்டுகிறாய் என்று எழும்பிப் போனவர்களும் இருந்தார்கள். ஒரே குடும்பத்துக்குள் அந்த வாக்குவாதம் நடந்தது. இன்றும் அது தீரவில்லை, தீர வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. வாசிகசாலை ரீவிக்கு முன்னால் ஒரே வாங்கில் இருந்துகொண்டு ஒருவர் இந்தியாவுக்கும் மற்றவர் இலங்கைக்கும் கத்துவதை நான் எத்தனையோ இரவுகள் பார்த்திருக்கிறேன். ஆட்டம் முடிய இரண்டு பேரும் ஒன்றாகத் தேநீர் குடிக்கப் போவார்கள்.

முரளிக்கு மட்டும் அந்த வாங்கு பிரிந்ததில்லை. 2010 ஜூலை 22, காலி மைதானம். இந்தியாவோடு முரளியின் கடைசி டெஸ்ட் ஆட்டம். 800 இலக்குகளுக்கு இன்னும் ஒன்று. லக்ஷ்மண் ரன் அவுட் ஆனபோது எங்கள் வாங்கில் ஒருவர் தலையில் கை வைத்தார். எதிரணியின் இலக்கு விழுந்ததற்கு அவர் கலங்கினார், ஏனென்றால் இனி ஒரே ஒரு இலக்குத்தான் மிச்சம். அதை மாலிங்க எடுத்துவிட்டால் முரளி 799 உடன் வீட்டுக்குப் போக வேண்டும். இஷாந்த் சர்மாவும் ஓஜாவும் அசையாமல் நின்றார்கள். ஓவர் ஓவராகப் போனது. கடைசியில் ஓஜாவின் மட்டையில் பட்ட பந்து ஸ்லிப்பில் நின்ற மஹேலவின் கைக்குப் போனது. அந்த நொடியில் அந்த அறையில் எழுந்த சத்தத்தை எந்தத் திருவிழாவிலும் நான் கேட்டதில்லை.

அப்புறம் தோல்விகள். 2007இல் பார்படோஸ், 2009இல் லோர்ட்ஸ், 2011இல் மும்பை, 2012இல் கொழும்பு. ஆறு வருடத்துக்குள் நான்கு உலகக் கிண்ண இறுதிப் போட்டிகள், நான்கும் கை நழுவின. மும்பையில் மஹேல ஆட்டமிழக்காமல் 103 அடித்தும் போதவில்லை. சொந்த மண்ணில், கொழும்பில், 138 என்ற இலக்கைத் துரத்திப் போய் 101 ஓட்டங்களோடு சுருண்டோம். 2022இல் எரிபொருள் வரிசைகளில் நின்று களைத்த நாட்டுக்கு, டுபாயில் ஆசியக் கிண்ணம் கிடைத்தது. அடுத்த வருடம் அதே ஆசியக் கிண்ண இறுதியில் 50 ஓட்டங்களுக்கு எல்லோரும் வெளியே, ஆறு வாரம் கழித்து உலகக் கிண்ணத்தில் மும்பையில் 55. இவ்வளவையும் தாங்கிக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்கும் ரீவியைப் போடுகிறோம். யாழ்ப்பாணத்தின் பெயரோடு ஓர் அணி 2020, 2021, 2022, 2024 என நான்கு முறை லங்கா பிரீமியர் லீக் கிண்ணத்தை வென்றது. அந்த ஆட்டங்களில் ஒன்றுகூட எங்கள் ஊர் மண்ணில் நடக்கவில்லை. அப்படியிருந்தும் சந்திகளில் வெடி கொளுத்தினோம்.

இந்தப் பரவசமும் வலியும் மனதோடு நிற்பதில்லை. 2006 உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தின்போது ஜேர்மனியின் மியூனிக் பகுதியில் மருத்துவர்கள் கணக்கெடுத்தார்கள். ஜேர்மனி அணி விளையாடிய நாட்களில் அவசர இதயப் பாதிப்புகள் மற்ற நாட்களை விட 2.66 மடங்கு அதிகம். ஆக, ஆட்டத்தின் பதற்றம் உடம்பில் ஏறுகிறது. ஏறியதை இறக்கி வைக்க ஓர் இடம் தேடுகிறோம். அங்கேதான் எங்களில் பலர் தவறான வாசலுக்குப் போகிறார்கள்.

2014 ஏப்ரல் 6ஐ நினைத்துப் பாருங்கள். மிர்பூரில் இருபதுக்கு 20 உலகக் கிண்ண இறுதி. இந்தியா 130 ஓட்டங்களோடு நின்றுவிட, சங்கக்கார ஆட்டமிழக்காமல் 52 அடித்து இலங்கைக்குக் கிண்ணத்தை எடுத்துத் தந்தார். மஹேலவுக்கும் அவருக்கும் அதுவே கடைசி இருபதுக்கு 20 சர்வதேச ஆட்டம். நான்கு இறுதிகளில் அழுத நாங்கள் அன்றைக்கு விடிய விடியக் கொண்டாடினோம். அதே இரவில் சண்டிகரில் யுவராஜ் சிங்கின் வீட்டுக்குக் கல்லெறிந்தார்கள். அவர் செய்த குற்றம் 21 பந்துகளில் 11 ஓட்டங்கள் எடுத்தது. மூன்று வருடம் முதல் அதே மனிதர் 2011 உலகக் கிண்ணத்தின் தொடர் நாயகன். அதன்பிறகு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று, மீண்டு வந்து மட்டையைத் தூக்கியவர். எங்கள் மகிழ்ச்சியின் மறுபக்கத்தில் ஒரு வீட்டின் வாசலில் கற்கள் கிடந்தன என்பதை மறுநாள் அறிந்தபோது, அந்த வெற்றியின் ருசி எனக்கு மாறிப் போனது.

உதைபந்தாட்டத்தில் இதைவிடக் கொடியது நடந்திருக்கிறது. 1994 உலகக் கிண்ணத்தில் கொலம்பியாவின் அந்திரெஸ் எஸ்கோபார் தவறுதலாகத் தன் அணியின் கோலுக்குள் பந்தை அடித்தார். பத்து நாட்களில் மெடலின் நகரில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு 27 வயது. எங்கள் ஊரில் யாரும் துவக்கு எடுக்கப் போவதில்லை, சரி. ஆனால் ஒரு பிள்ளையைப் பாடசாலைக்குப் போகவிடாமல் செய்யத் துவக்குத் தேவையில்லை.

தண்ட உதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலகின் மிகப் பெரிய போட்டிகளிலேயே, அதையே தொழிலாகச் செய்பவர்கள் அடிப்பதில் ஏறத்தாழ நான்கில் ஒன்று தவறும். இத்தாலியின் ரொபேர்ட்டோ பாஜியோ 1994 உலகக் கிண்ண இறுதியில் மேலால் அடித்தார், அவ்வளவு பெரிய ஆட்டக்காரர். 2021இல் வெம்பிளியில் நடந்த ஐரோப்பியக் கிண்ண இறுதியில் கடைசி உதையைத் தவறவிட்டபோது இங்கிலாந்தின் புகாயோ சாகாவுக்கு 19 வயது. அவரும் கூடத் தவறவிட்ட இரண்டு சக வீரர்களும் சமூக வலைத்தளங்களில் வாங்கிய இனவெறி வசையை உலகமே பார்த்தது. இங்கே எங்கள் பெடியன் பகலில் ரியூசனுக்குப் போய்விட்டு, பின்னேரம் புழுதி மைதானத்தில், வெளிநாட்டிலிருந்து யாரோ உறவினர் அனுப்பிய சப்பாத்தோடு பயிற்சி எடுத்தவன். முழு நேரமும் ஓடிக் களைத்த கால்களோடு, ஊரே மைதானக் கோட்டடியில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, தானாக முன்வந்து பந்தை வைத்தான். வளர்ந்த வீரர்கள் சிலர் தலையைக் குனிந்துகொண்டு நின்ற நேரம் அது. அதை யாரும் எழுதவில்லை.

எங்கள் ஊரில் ஒரு பிள்ளை ஒளிக்க இடமில்லை. சாகாவுக்கு உயர்ந்த மதில் உண்டு. எங்கள் பெடியனுக்கு வேலி மட்டும்தான். தகப்பன் சந்தைக்குப் போனால் அங்கே கதை வரும். தாய் கோயிலுக்குப் போனால் அங்கேயும் வரும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற பழைய ஆட்டக்காரர்கள் வட்ஸ்அப் குழுவில் "எங்கட காலத்தில எண்டால்" என்று தொடங்குவார்கள். அண்ணைமாரே, உங்கள் ஊர்ப்பற்றில் எனக்குச் சந்தேகமே இல்லை. மைதானத்துக்கு வெளிச்சம் போட்டதும், வலை வாங்கித் தந்ததும் நீங்கள்தான். அந்தப் பணத்தோடு அந்தப் பிள்ளைகளைத் திட்டும் உரிமையும் சேர்ந்து வரவில்லை.

இதில் என்னை மிகவும் பயப்படுத்துவது வேறொன்று. இங்கே விளையாட விடும் பெற்றோரே குறைவு. "விளையாடி என்னத்தைக் காணப் போறாய், சாதாரண தரம் வருது, புத்தகத்தை எடு" என்று சொல்லும் வீடுகள்தான் அதிகம். அந்த வீட்டில் ஒரு பிள்ளை எப்படியோ கெஞ்சி அனுமதி வாங்குகிறது. ஒரு இரவின் வசை போதும், அந்த அனுமதி திரும்பி வராது. பக்கத்து வீட்டுத் தாயும் அதைப் பார்த்துத் தன் மகனை நிறுத்திவிடுவாள். மூன்று வருடம் கழித்து "எங்கட கழகத்தில இப்ப பெடியள் இல்லை" என்று புலம்புவதும் நாங்களேதான்.

வடக்கின் பெருஞ்சமருக்கு மார்ச்சில் கூடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையில் 1904இல் தொடங்கிய கிரிக்கெட் ஆட்டம் அது. போர் வந்தும் செத்துப்போகாத மரபு. பாண்ட் வாத்தியமும் கொடியும் பாட்டுமாக மத்திய கல்லூரி மைதானம் நிறைவதைப் பார்க்க எனக்கு நெஞ்சு விம்மும். ஆனால் உள்ளே நிற்பது 19 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். வெளியே நின்று பார்ப்பவர்களில் பலர் நரை கண்டவர்கள். மத்திய கல்லூரிப் பெடியன் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் லங்கா பிரீமியர் லீக்கிலும், 2024இல் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் சட்டையோடு ஐபிஎல்லிலும் பந்து வீசினார். அவரைப் போல இன்னொருவர் வர வேண்டுமென்றால், வரப்போகும் பத்துப் பேருக்குப் பிடியைத் தவறவிடவும், பூச்சியத்தில் ஆட்டமிழக்கவும், மறுநாள் தலை நிமிர்ந்து வகுப்புக்குப் போகவும் இடம் வேண்டும். அர்ஷ்தீப் சிங் 2022 ஆசியக் கிண்ணத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக ஒரு பிடியை விட்டபோது அவரைத் துரோகி என்றார்கள். 2024இல் இந்தியா இருபதுக்கு 20 உலகக் கிண்ணத்தை வென்றபோது அந்தத் தொடரில் 17 இலக்குகள் எடுத்தவர் அதே அர்ஷ்தீப்.

கோபமே கூடாது என்று நான் சொல்லவில்லை. கோபப்பட எவ்வளவோ இருக்கிறது. பயிற்றுநர் இல்லாத பாடசாலைகள், பள்ளமும் திட்டியுமான மைதானங்கள், கடைசி நேரத்தில் மாறும் போட்டி அட்டவணைகள். அவற்றுக்குப் பொறுப்பானவர்களிடம் பெயர் போட்டு, கையெழுத்து வைத்து எழுதுங்கள். நானும் வைக்கிறேன்.

வழக்கமாகக் கேட்காத ஒன்றையும் கேட்கிறேன். 1970களில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உளவியலாளர் ரொபேர்ட் சியால்டினியும் குழுவினரும் ஒரு விடயத்தைக் கவனித்தார்கள். வார இறுதி ஆட்டத்தில் தங்கள் அணி வென்ற பின்னர் வரும் திங்கட்கிழமைகளில், மாணவர்கள் பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட உடுப்புகளை அதிகம் போட்டு வந்தார்கள். தோற்ற பின்னர் அது குறைந்தது. எங்கள் ஊரிலும் அப்படித்தான், கழகச் சட்டை வென்ற கிழமை முழுக்கச் சந்தியில் தெரியும். தோற்ற மறுநாளும் அதைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். அந்தப் பெடியன் ஒழுங்கையால் வரும்போது நாலு பேர் அந்தச் சட்டையோடு நின்றால், அவன் தனியாகத் தோற்கவில்லை என்று யாரும் சொல்லாமலே அவனுக்குத் தெரியும்.

ஒலிபெருக்கி பிடிக்கும் அறிவிப்பாளர்களே, உங்கள் குரலுக்குத்தான் கூட்டம் முதலில் சிரிக்கும். தவறவிட்டவனின் பெயரை ஒருமுறை சொன்னால் போதும். காணொளி எடுக்கும் தம்பிமாரே, கோல் விழுவதை எடுங்கள், காப்பாளர் பாய்வதை எடுங்கள். அழுகிற பிள்ளையின் முகத்துக்குக் கிட்டப் போகாதீர்கள். போட்டி முடிந்ததும் கழகத்தின் மூத்தவர் ஒருவர் அவனோடு வீடு வரை போகட்டும். வாசலில் தாயிடம் "பெடியன் நல்லா விளையாடினவன் அக்கா" என்று சொல்லிவிட்டு வரட்டும்.

கழகச் செயலாளர்களிடம் கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை நிகழ்ச்சிநிரலில் போடுங்கள். 19 வயதுக்குட்பட்ட எந்த வீரரையும் பெயர் சொல்லி இழிவுபடுத்தும் பதிவைக் கழகத்தின் பக்கத்திலோ குழுவிலோ விடுவதில்லை, விட்டவர் யாராக இருந்தாலும், எவ்வளவு பணம் தந்தவராக இருந்தாலும், குழுவிலிருந்து எடுப்போம் என்று ஒரு தீர்மானம். நிறைவேற்றிய கழகங்கள் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், சுற்றுப்போட்டிக்கு வரும் மற்றக் கழகங்களும் வாசிக்கட்டும்.

அன்போடும் உரிமையோடும்,
கோட்டடியில் உங்கள் பக்கத்தில் நிற்கும் ஓர் ஆதரவாளன்,
யாழ்ப்பாணம்.