பழுது டிஸ்க்கில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியியல் மாணவர்கள் இறுதியாண்டு புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்குவது பற்றிப் போன வாரம் உங்கள் நாளிதழில் செய்தி வந்திருந்தது. அந்தப் பிள்ளைகள் செய்வதற்கு உருப்படியான வேலை ஒன்று காத்துக் கிடக்கிறது: மலிவான டிஸ்க் பெட்டிகளின் குறையைக் கண்டுபிடித்து, லினக்ஸ் இயங்குதளத்தை எழுதுகிறவர்களுக்குத் தெரிவிப்பது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

விருதுநகரில் 19 வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்துகிறேன். சித்திரையில் ஒரு போட்டோ ஸ்டூடியோக்காரர் மஞ்சள் பையில் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கைக் கொண்டு வந்தார். ஆறு வருடக் கல்யாணப் படங்கள் அதில் இருந்தன. காப்பி போட ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் டிஸ்க்கே திரையிலிருந்து காணாமல் போய்விடும். இரண்டு கடைகளில் "டிஸ்க் செத்துப் போச்சு" என்று சொல்லிவிட்டார்களாம். மனிதர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கேசிங்கை, அதாவது வெளிப்பெட்டியைக் கழற்றி, டிஸ்க்கை நேரடியாகக் கணினிக்குள் இருக்கும் சாட்டா கேபிளில் மாட்டினேன். ஒரு பிழையும் இல்லாமல் முழுவதும் படித்தது. "அண்ணாச்சி, டிஸ்க் நல்லா இருக்கு, பெட்டிதான் சரியில்லை" என்றேன். அவர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

மறுபடி அதே கேசிங்கில் போட்டு லினக்ஸில் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுதி வைக்கும் பதிவைத் திறந்து பார்த்தேன். 'யூ.ஏ.எஸ். அபார்ட்', அதாவது கட்டளை பாதியில் கைவிடப்பட்டது என்று வரிசையாகப் பிழைகள், அப்புறம் யூ.எஸ்.பி. ரீசெட், மறுபடியும் அபார்ட். விஷயம் இதுதான். பழைய யூ.எஸ்.பி. முறையில் ஒரு கட்டளை முடிந்த பிறகுதான் அடுத்த கட்டளை போகும். யூ.ஏ.எஸ். என்ற புதிய முறையில் பல கட்டளைகளை ஒரே நேரத்தில் கொடுத்து வைக்கலாம், வேகம் கூடும். மலிவான கேசிங்கில் இருக்கும் சிப், தனக்கும் இது தெரியும் என்று கெர்னலிடம் சொல்லிவிடுகிறது. நிஜமாகவே நாலைந்து கட்டளைகள் சேர்ந்து வந்தால் திணறி நின்றுவிடுகிறது.

கேபிளோ மின்சாரமோ போதாவிட்டாலும் இதே மாதிரி ரீசெட் வரும். அதனால் கேபிளை மாற்றினேன், தனி பவர் உள்ள ஹப்பிலும் போட்டுப் பார்த்தேன். பலன் இல்லை. பிறகு அந்தக் கேசிங்கின் தயாரிப்பாளர் எண், சாதன எண் இரண்டையும், கடைசியில் 'யூ' என்ற ஒற்றை எழுத்தையும் கணினி தொடங்கும்போது கெர்னல் படிக்கும் பூட் வரியில் சேர்த்தேன். இந்தச் சாதனத்துக்கு மட்டும் பழைய முறையில் பேசு என்று அதற்கு அர்த்தம். கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடியது. ஆனால் விடிய விடிய நிற்காமல் ஓடியது.

என் கடையில் இது சரியாகிவிட்டது. அதே கேசிங்கைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிப் போன மற்றவர்களுக்கு? கெர்னல் மூலநிரலில் இப்படித் திணறும் யூ.ஏ.எஸ். சாதனங்களுக்கென்றே ஒரு பட்டியல் கோப்பு இருக்கிறது. ஒவ்வொரு பதிவிலும் அந்த இரண்டு எண்கள், சாதனத்தின் எந்த வெர்ஷன் முதல் எந்த வெர்ஷன் வரை, என்ன செய்ய வேண்டும் என்பது இருக்கும். மேலே, குறையைத் தெரிவித்தவரின் பெயர். எண் வரிசை கலையாமல் சேருங்கள், சாதனத்தின் முழு விவரத்தையும் இணைத்து அனுப்புங்கள் என்று கோப்பின் தலைப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே சில வரிகள் சேர்ந்தால், உலகத்தில் அந்தக் கேசிங்கை லினக்ஸில் மாட்டுகிற எல்லோருக்கும் தானாகவே சரியாகிவிடும்.

வேகமான சாதனங்களைக் கவனிக்க ஆள் இருக்கிறார்கள். வேகமான எஸ்.எஸ்.டி.கள் கணினியோடு பேசும் முறைதான் என்.வி.எம்.இ.; அதற்கான டிரைவரை இன்டெல்லில் இருந்த மேத்யூ வில்காக்ஸ் எழுதினார், 2012-இல் 3.3 பதிப்பில் அது கெர்னலுக்குள் வந்தது. பழைய சாட்டா முறையில் கட்டளைகள் காத்திருக்க ஒரே வரிசை, அதில் 32 கட்டளைகள். என்.வி.எம்.இ.யில் 65,535 வரிசைகள் வரை வைக்கலாம். அதற்கு ஈடுகொடுக்கக் கெர்னலில் டிஸ்க் வேலைகளைக் கவனிக்கும் பிளாக் அடுக்கையே பல வரிசை முறைக்கு மாற்றினார்கள், அது 2014-இல் 3.13 பதிப்பில் வந்தது. அத்தனையும் பெரிய வேலை, மதிக்கிறேன். ஆனால் 400 ரூபாய் கேசிங் அவர்கள் மேசைக்குப் போகாது. அது என் மேசைக்குத்தான் வருகிறது. நாம் சொல்லாவிட்டால் அது பழுது என்றே அவர்களுக்குத் தெரியாது.

கடையில் வேலை பார்க்கும் டிப்ளமோ தம்பியும் நானும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து பேட்ச் (அந்தப் பட்டியலுக்கான திருத்தம்) தயார் செய்து அனுப்பினோம். வேறு கணினியில் மாட்டிய பதிவும் வேண்டும் என்று பதில் வந்திருக்கிறது. அதையும் எடுத்து அனுப்பிவிட்டோம்.

கல்லூரி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஆப்பரேட்டிங் சிஸ்டம் லேபில் ஒரு நாளாவது கெர்னல் பதிவைப் படிக்கச் சொல்லிக்கொடுங்கள். உங்கள் ஊர் சர்வீஸ் கடைகளுக்குப் பிள்ளைகளை அனுப்புங்கள். தனியாக எடுத்து வைத்த ஏழு கேசிங்குகள் என் அலமாரியில் இருக்கின்றன. எந்தக் கல்லூரி மாணவர் வந்து கேட்டாலும் தருகிறேன்.

இப்படிக்கு,
சர்வீஸ் கடை வாசகி,
விருதுநகர்