தீபாவளி போட்டோ சரி, வரத்துக்கால் வெட்ட காசு?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

வருஷா வருஷம் தீபாவளி வந்தா பேப்பர்ல எல்லாம் கொள்ளுக்குடிப்பட்டி வந்துருது, வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைங்களுக்காக வெடி வெடிக்காத ஊரு, வனத்துறை ஸ்வீட் குடுத்துச்சுன்னு. சந்தோஷம்தான், நானும் சிவகங்கைக்காரன்தான். ஆனா அது 1977லயே சரணாலயம் ஆன இடம். சரணாலயம்னு போர்டு இல்லாத கம்மாய்க்கு யாரு காசு குடுப்பா?

எங்க ஊரு கம்மாய்லயும் நத்தைகுத்தி நாரை கூடு கட்டுது, வாய மூடுனாலும் அலகுக்கு நடுவுல சந்து தெரியுமே அந்த நாரைதான். எச்சம் விழுந்த தண்ணி வயலுக்குப் பாஞ்சா உரமூட்டை கம்மியாப் போதும்னு எங்க அப்பத்தா சொல்லும். இப்ப கம்மாய்க்குத் தண்ணி கொண்டு வர்ற வரத்துக்கால் பூரா சீமைக்கருவேலம், தண்ணி வரல, தண்ணி இல்லாத கம்மாய்ல நாரைக்கு என்ன வேலை. அத வெட்டி எடுக்க எவ்வளவு ஆகும்னு நாங்க பசங்க கணக்குப் போட்டோம், ஜேசிபி வாடகை டீசல் எல்லாம் சேத்து 60 ஆயிரம். வரத்துக்கால்ல மட்டும்தான் வெட்டுறது, கம்மாய்க்குள்ள நிக்கிற நாட்டுக்கருவேலத்த தொட மாட்டோம், கூடே அதுலதான்.

ஒரு கம்பெனி டிரஸ்ட்ல கேட்டோம் (பேரு வேணாம்). ஃபாரம் முழுக்க இங்கிலீஷ், 3 வருஷ ஆடிட் கணக்கு, 12ஏ, 80ஜி (டிரஸ்டுக்கான வரிச்சலுகைப் பதிவு), சிஎஸ்ஆர்-1 நம்பர் (கம்பெனிங்க சமூக வேலைக்கு ஒதுக்குற காசை வாங்குறதுக்கான பதிவு), இதெல்லாம் இருக்கான்னு கேக்குறாங்க, நாங்க என்ன டிரஸ்டா வச்சு நடத்துறோம், சாயங்காலம் வாலிபால் ஆடுற பசங்க சார். 2013 கம்பெனி சட்டத்துல பெரிய கம்பெனிங்க லாபத்துல 2 சதவீதம் சமூக வேலைக்கு ஒதுக்கணும்னு இருக்கு, விலங்கு தாவரங்களைப் பாதுகாக்குறதும் அந்த லிஸ்ட்ல வருது. பணம் இருக்கு, எங்க கைக்கு வர வழிதான் இல்ல.

வரையாட்டப் பாதுகாக்க தமிழ்நாடு அரசுல 25.14 கோடி ஒதுக்குனாங்க, அது நம்ம மாநில விலங்கு, குடுக்கட்டும், அதுல எனக்கு பொறாமை இல்ல. அதுல பொடிக்காசு அளவுக்கு கம்மாய் பக்கமும் திருப்புங்கன்னுதான் கேக்குறேன். 2002 பல்லுயிர் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சிக்கும் பல்லுயிர் மேலாண்மைக் குழு (உள்ளூர் மரம் செடி, விலங்கு, பறவைகளைப் பாதுகாக்குற குழு) உண்டு, உள்ளூர் அளவுல நிதி வைக்கவும் அதுலயே வழி இருக்கு, எங்க ஊருல அந்தக் குழு யாரு யாருன்னு கேட்டா டீக்கடைல ஒருத்தருக்கும் தெரியல, எனக்கும் போன மாசம் வரைக்கும் தெரியாது. அந்தக் குழு வழியா குடுத்தா ஆடிட் தொல்லை பாதி குறையும், ஊருல எல்லாரும் கணக்கும் கேப்பாங்க. செலவு பண்ணிட்டு பில்ல குடு, அப்புறம் தர்றோம்ங்கிறதும் எங்களுக்கு ஒத்து வராது, ஜேசிபிக்காரர் அன்னைக்கே கேப்பாரு.

ஐப்பசில மழை வந்துரும், அதுக்குள்ள வெட்டுனாத்தான் இந்த வருஷம் தண்ணி நிக்கும். சின்ன ஊருங்க எங்க, எப்படி அப்ளை பண்ணணும்னு தமிழ்ல அரைப்பக்கம் போடுங்க சார், கட் பண்ணி டீக்கடைல ஒட்டிடுறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சிவகங்கை மாவட்டம்