நாங்கள் கண்ணயர்ந்த அந்த நான்கு மணி நேரத்துக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

மனநோய் உள்ள ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெற்றோர், கணவன், மனைவி, உடன்பிறந்தவர்கள் சேர்ந்து, எங்களுக்குத் துணை நிற்கும் உங்களுக்கு எழுதும் நன்றி மடல் இது.

"ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று பலர் சொல்வார்கள். என்ன வேண்டும் என்று யோசிக்கக்கூட அப்போது எங்களுக்குத் தெம்பிருக்காது. வாராவாரம் எங்களுக்கு ஓய்வு தர வரும் நீங்கள், "புதன்கிழமை மூணு மணிக்கு வர்றேன். ஏழு மணி வரைக்கும் நான் பாத்துக்கறேன், நீங்க போய்ப் படுங்க" என்றீர்கள். அதற்குத்தான் முதல் நன்றி. எடுத்த எடுப்பிலேயே எங்களை வெளியே அனுப்பிவிடவும் இல்லை. முதல் இரண்டு வாரம் நாங்கள் இருக்கும்போதே வந்து உட்கார்ந்து பழகினீர்கள். பழகாத முகத்தோடு திடீரென்று தனியாக விட்டால் சந்தேகமும் பயமும் கூடிவிடும். "சுவத்துக்குள்ள கேமரா இருக்கு" என்று நோயுள்ளவர் சொன்னபோது, இல்லை என்று வாதாடவில்லை, ஆமாம் என்று தலையாட்டவும் இல்லை. "அப்படித் தோணினா பயமாத்தான் இருக்கும், நான் பக்கத்துலயே இருக்கேன்" என்றீர்கள். எத்தனை சண்டைகளை அந்த ஒரு வாக்கியம் தவிர்த்திருக்கிறது!

விட்டுவிட்டுப் போகிறோமே என்ற குற்ற உணர்வைப் போக்கியவர் மனநலச் சமூகப் பணியாளர். ஓயாமல் குறை சொல்வதும், அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி வைப்பதும் நிறைந்த வீட்டில் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்று லண்டனில் சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுன் தொடங்கிய ஆய்வுகள் காட்டின. 1976இல் வெளிவந்த கிறிஸ்டீன் வான், ஜூலியன் லெஃப் இருவரின் ஆய்வில், அப்படிப்பட்ட வீட்டில் வாரம் 35 மணி நேரத்துக்கு மேல் முகம் பார்த்து இருந்தவர்களுக்கு அது இன்னும் அதிகமாக இருந்தது. இதையே குடும்பத்தின் மேல் பழியாகப் போடுகிறவர்கள் உண்டு, அது அநியாயம். நீங்கள் பழி சொல்லவில்லை. பிரிந்திருக்கும் நேரம் இரண்டு பேருக்குமே நல்லது என்று புரிய வைத்தீர்கள்.

மருந்தாளுநருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மனநிலை ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் லித்தியம் மருந்தின் இரத்தப் பரிசோதனைக்குக் கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்க வேண்டும்: இரவு ஒன்பதுக்கு மாத்திரை என்றால் காலை ஒன்பதுக்கு இரத்தம், காலை மாத்திரை அதற்குப் பிறகு. முன்னால் போட்டுவிட்டால் அளவு பொய்யாகக் கூடித் தெரியும். வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றினாலோ, ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரை போட்டாலோ உண்மையாகவே கூடும். கை நடுக்கம் அதிகமாகி, வாய் குழறி, நடை தள்ளாடினால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போகச் சொன்னீர்கள். மனச்சிதைவு நோய்க்குத் தரும் க்ளோசபின் மருந்தை எடுப்பவருக்கு மலச்சிக்கலைச் சாதாரணமாக விடக் கூடாது, குடல் இயக்கமே நின்று உயிருக்கு ஆபத்தாகலாம் என்றீர்கள். 48 மணி நேரத்துக்கு மேல் மாத்திரை விட்டுப்போனால் பழைய அளவிலேயே தொடங்கக் கூடாது, மருத்துவரைக் கேட்க வேண்டும் என்பதையும் அட்டையிலேயே எழுதித் தந்தீர்கள்.

மருத்துவரே, "அவர் சொன்னதை உங்களிடம் சொல்ல எனக்கு அனுமதி வேண்டும், நீங்கள் சொல்வதை நான் கேட்பதற்கு அனுமதி தேவையில்லை" என்றீர்கள். அன்றிலிருந்து ஒரு பக்கத் தாள் கொண்டுவருகிறோம்: எத்தனை மணி நேரத் தூக்கம், எந்த வேளை மாத்திரை விட்டது, புதிதாக என்ன பேச்சு. பெரும்பாலும் முதலில் குறைவது தூக்கம்தான்.

பக்கத்து வீட்டு அக்கா, ஒரு வாரத்து மாத்திரையை மட்டும் எங்களிடம் விட்டு, மீதியை உங்கள் பீரோவில் பூட்டி வைக்கிறீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடாது என்று தெரிந்து அவரிடம் கேட்டீர்கள். பிறகு எங்களிடமும் அதையே கேட்டீர்கள். எங்களிடம் அதை யாரும் கேட்பதில்லை.

புதன்கிழமை மூணு மணிக்குக் கதவைத் திறந்து வைக்கிறோம்.

நன்றியுடன்,
வீட்டில் பார்த்துக்கொள்பவர்கள்