நாக்கில் தடிப்பில்லை

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். பர்மாவில் பிறக்கும் நம் பிள்ளைகளுக்கு நாக்கு தடித்துவிட்டது, அதனால்தான் ழகரம் வருவதில்லை என்று போன வாரம் ஒருவர் உங்களுக்கு எழுதியிருந்தார். அதே பேச்சைத் தமிழ் வகுப்பில் கேட்டுவிட்டு என் பேத்தி அழுதுகொண்டு வந்தாள். பழத்தைப் 'பயம்' என்றாளாம். மெட்ராஸில் 'வாயப்பயம்' விற்கிறவர்களின் நாக்கை யாராவது அளந்து பார்த்தார்களா?

நான் ரங்கூனில் தையல் கடை வைத்திருக்கிறேன். அன்று சாயந்தரம் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை அவள் உதட்டுக்கு முன்னால் பிடித்தேன். நம் எழுத்தில் எழுதினால் பர்மியத்தில் கன்னமும் 'பா', தவளையும் 'பா'. கன்னம் சொன்னாள், காகிதம் அசையவில்லை. தவளை சொன்னாள், படபடத்தது. உதடு பிரிந்த பிறகும் குரல்நாண்கள் சேராமல் கொஞ்ச நேரம் திறந்தே இருப்பதால் வெளியே தள்ளும் மூச்சு அது.

'நா' இதைவிட வேடிக்கை. நமக்கு நாக்கு. அவர்களுக்குக் குரலைத் தாழ்த்திச் சொன்னால் வலி, தூக்கிச் சொன்னால் காது. நாக்கை அதே இடத்தில் வைத்து, தொண்டை அதிராமல் மூக்கால் காற்றை விட்டு ஆரம்பித்தால் மூக்கு! பேத்தி மூன்றையும் மளமளவென்று சொன்னாள். இந்தியாவிலிருந்து வந்திருந்த சம்பந்தி ஒரு வாரம் முயன்றும் மூக்கு அவருக்கு வலியாகவே வந்தது. அவருக்குத் தடித்த மூக்கு என்று நாங்கள் சொல்லவில்லை.

பர்மியர் எழுத்தில் ரகரம் உண்டு. வாயில் அது யகரமாகிவிட்டது. நம் ரங்கூன் அவர்களுக்கு யாங்கோன். யகரத்துக்கு நடுநாக்கு எழும்பும், நுனி சும்மா கிடக்கும். ழகரத்தில் அந்த நுனிக்குத்தான் வேலை. மேலே மடங்கிப் பின்னால் போக வேண்டும், அண்ணத்தில் அழுந்தக் கூடாது. அழுந்தினால் ளகரம். 'நுனிநா அணரி அண்ணம் வருட' என்று தொல்காப்பியர் நாக்கு போகும் வழியைச் சொன்னார், நாக்கை வையவில்லை.

அளவு பார்க்கும் கண்ணாடி முன் அவளை நிறுத்தி, "ஆ என்று இழுத்துக்கொண்டே நுனியைப் பின்னால் சுருட்டு" என்றேன். நாலாவது தடவை பழம் வந்தது. அடுத்த நிமிஷம் மறுபடி பயம். பரவாயில்லை, வழி தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போகும்போது ஆசிரியருக்கு ஒரு கைக்கண்ணாடி கொடுத்தனுப்பப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தையற்காரி,
ரங்கூன்