ஒடிசாவின் சாந்திப்பூர் கடற்கரைக்கு வர்றவங்க கவனத்துக்கு

பாலேஸ்வர் ஸ்டேஷனிலிருந்து கடற்கரை சுமார் 16 கி.மீ. வற்றத்தில், அதாவது கடல் மட்டம் இறங்கும் நேரத்தில், கடல் 5 கி.மீ. வரை உள்வாங்கும். வற்ற நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும், அதனால் நேற்றைய கணக்கை நம்பாதீங்க. வற்றம் முடிய ஒன்றரை மணி நேரம் முன்னாடி இறங்கி, அது முடியும் நேரத்துக்குள் திரும்பத் தொடங்கிடணும். தரை சமமா இருக்கிறதால தண்ணி எதிரே மட்டும் வராது. பள்ளங்கள் வழியா நமக்குப் பின்னாலும் நிரம்பும். அமாவாசை, பௌர்ணமியில் இன்னும் வேகம்.

ஹவாய் செருப்பு சேற்றோடு போயிடும், பின்வார் வைத்த சாண்டல் போடுங்க. கால் புதைஞ்சா வெடுக்குனு இழுக்காம, குதிகாலை ஆட்டி ஆட்டி எடுங்க. குதிரைலாட நண்டு மல்லாந்து கிடந்தா ஓட்டின் ஓரத்தைப் பிடித்துப் புரட்டி விடுங்க. வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. மே மாத நடுப்பகல் வற்றம் மட்டும் வேண்டவே வேண்டாம், சவுக்குத் தோப்பைத் தாண்டினா நிழலே கிடையாது. ஆளுக்கு 1 லிட்டர் தண்ணி எடுத்துக்கங்க.