ஷீட்டின் மேல் கால் வைக்கும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

இடவப்பாதி மழைக்கு முன், குமரி மாவட்டத்தில் ஓடு மாற்றவும் ஷீட்டின் ஒழுகலை அடைக்கவும் ஆள் தேடாத தெரு இல்லை. கூரை விபத்து என்றாலே விளிம்பிலிருந்து வழுக்கி விழுவதையே நினைக்கிறோம். ஆனால் கட்டட வேலைகளை நெடுங்காலம் மேற்பார்த்த நான் அதைவிட அஞ்சுவது, பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் காலடியில் உடைந்து, ஏறியவர் நேரே வீட்டுக்குள் விழுவதைத்தான்.

சிமெண்டும் கல்நாரும் சேர்ந்த அந்த ஷீட், தகரத்தைப் போல வளைந்து எச்சரிக்காது. அதன் விரிசலைப் பாசியும் பெயிண்டும் மறைத்துவிடும். போல்ட் வரிசையின் மேல் நடந்தால் கீழே கூரையின் குறுக்குச் சட்டம் தாங்கும் என்று வேலைக்காரர்கள் சொல்வது பாதி உண்மையே. கால் ஒரு சாண் விலகினால் தாங்க எதுவுமில்லை. குறைந்தது இரண்டு சட்டங்களின் மேல் படியும் நீளமான பலகைகள் இரண்டைப் போட்டு, ஒன்றில் நின்றபடி மற்றதை நகர்த்திச் செல்ல வேண்டும். உள்ளே சாரம் கட்டி, கூரையில் ஏறாமலே கீழிருந்து ஷீட்டை மாற்ற முடிந்தால் அது இன்னும் நல்லது. ஏணியைப் பொறுத்தவரை, நான்கடி உயரத்துக்கு ஓரடி வீதம் அதன் கீழ்முனையைச் சுவரிலிருந்து தள்ளி வைத்து, மேல்முனை கூரை விளிம்பைத் தாண்டி மூன்றடி நீளுமாறு கட்டினால் போதும்.

இடுப்பு பெல்ட்டை நம்பி ஏறுவோரும் உண்டு. விழும் வேகம் முழுவதையும் அது வயிற்றில் இறக்கிவிடும். தோள், மார்பு, தொடை மூன்றையும் பிணைக்கும் ஹார்னஸே தேவை. அதன் கயிற்றைக் கட்ட நம் வீடுகளில் உறுதியான கொக்கி ஏது? 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் ஒரு கோடி வீடுகளின் கூரைக்குச் சூரியத் தகடுகளைக் கொண்டுசெல்ல முனைகிறது. பொருத்துவதற்கும் துடைப்பதற்கும் ஆட்கள் ஏறிக்கொண்டே இருப்பார்கள் என்பதால், தளம் வார்க்கும்போதே அத்தகைய கொக்கிகளைப் பதிப்பதை வரைபட அனுமதியின் நிபந்தனையாக்க அரசு முன்வர வேண்டும்.

கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டமே, பத்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சொந்த வீட்டு வேலையைத் தன் வரம்புக்கு வெளியே வைத்திருந்தது. ஆகவே, ஒருநாள் கூலிக்கு வரும் ஓட்டு வேலைக்காரருக்குப் பலகையும் உறுதியான ஏணியும் எடுத்துக் கொடுக்க வேண்டியவர் வீட்டுக்காரர்தான். மழை இருட்டிக்கொண்டு வரும்போது, "இன்னும் இரண்டு ஓடுதானே" என்று கீழிருந்து அவசரப்படுத்துபவரும் பெரும்பாலும் அவரே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர்,
தக்கலை.